சேலைக்கு ஓர் இழுப்பறை

என் மனைவி குவைத்தில் நர்ஸ். கிறிஸ்துமஸுக்கு வருவதாகப் போனில் சொன்னவள், கூடவே ஒன்று கேட்டாள். "எஞ் சேலைக்குன்னு தனியா ஒரு எடம் வேணுங்க. ஒங்க சட்டையோட கெடந்து கசங்குது." மறுநாளே செம்பட்டி ரோட்டில் இருக்கும் பழைய சாமான் கடையில் போய் நின்றேன்.

இடுப்பு உயரத்துக்கு ஒரு மர அலமாரி, நான்கு இழுப்பறைகள். மேலெல்லாம் பச்சைப் பெயின்ட். கைப்பிடி ஒன்றைக்கூடக் காணோம். கடைக்காரர் அதைத் தட்டிக்கொடுத்தார். "உள்ள தேக்குண்ணே. கைப்பிடிதான் கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு." அந்தப் பேச்சுக்காகவே வாங்கிவிட்டேன்.

தச்சு வேலை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. மோட்டார் காயில் கட்டும் என் கடையைச் சாயங்காலம் பூட்டிவிட்டு வந்து, வாசலில் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்ப்பேன். பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே காவி. அதற்கும் கீழே தேன் நிறத்தில் மரம் தெரிந்ததும் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டுச் சொன்னார், "பொண்டாட்டி வாரான்னா மனுசன் மூஞ்சிக்குப் பாலிஷ் போடுவான். நீ மரத்துக்குப் போடுற."

அது ஐப்பசி. சிறுமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து தினமும் மழை. மரம் ஈரம் குடித்து ஊதிவிட்டது. மேல் இழுப்பறை நகர மாட்டேன் என்றது. வெயில் வரும்வரை விட்டிருக்கலாம். அவள் வருவதற்குள் முடிய வேண்டுமே. இரண்டு பக்கமும் இழைத்துத் தள்ளி, மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன். ஒரு விரலுக்கு ஓடிவந்தது. அவள் சேலைகளை எல்லாம் அதில் அடுக்கினேன்.

லீவு கிடைக்கவில்லை. "இங்க ஒரு பிள்ள வேலைய விட்டுட்டுப் போயிருச்சுங்க. ஆள் இல்ல," என்றாள். "அதுக்கென்ன புள்ள," என்றேன். வாயில் அதுதான் வந்தது.

பங்குனி வெயிலில் மரம் வற்றியது. இழைத்த இழுப்பறை கூட்டுக்குள் ஆடத் தொடங்கியது. தெருவில் லாரி போனால் கடகடவென்று சத்தம். அவள்தான் உள்ளே சேலை எடுக்கிறாளோ என்று திரும்பிப் பார்த்துவிடுவேன்.

ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் அவளுக்கும் கேட்டது. "என்னங்க அது?"

"சேலை வச்சிருக்கேன்ல, அதுதான். அவசரப்பட்டு இழைச்சுட்டேன். ரெண்டு பக்கமும் மெல்லிசா மரப்பட்டி வச்சு அடிச்சுர்றேன்."

"அடிக்காதீங்க. மழைக்கு மறுபடி இறுகும்ல?"

"இறுகும்."

"அதுக்குள்ள வந்துருவேன். பட்டுச்சேலைய மட்டும் மடிப்பு மாத்தி வைங்க. ஒரே மடிப்புல கெடந்தா இத்துப் போகும்."

மடிப்பு மாற்றுவது ஒற்றை ஆள் வேலை இல்லை. எப்போதும் அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. இப்போது ஒரு முனையை இழுப்பறைக்குள் வைத்து மூடிவிட்டு, மறுமுனையைப் பிடித்து இழுத்தேன். ஆடுகிற பலகை எதைப் பிடிக்கும்? சேலை வழுக்கிக்கொண்டு என் கைக்கே வந்துவிட்டது. கட்டில்மேல் விரித்துப்போட்டு ஒவ்வொன்றாக நீவி மடித்தேன். ஒன்றும் நேராக இல்லை. வந்து திட்டட்டும்.