மச்சான் என் தலையில் கட்டிய வண்டி

என் மனைவியின் தம்பியை எனக்குப் பிடிக்காது. கல்யாணத்தன்றே பிடிக்கவில்லை. மேடையில் என் பக்கத்தில் நின்றுகொண்டு, "மாமாவ கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க, ஜப்தி பண்ண வந்தவரு மாரி நிக்கிறாரு" என்று போட்டோக்காரரிடம் சொன்னான். மண்டபமே சிரித்தது. அந்தப் படத்தில் சிரிக்காமல் இருப்பது நான் ஒருவன்தான்.

அவன் கீரப்பாளையத்தில் இருக்கிறான். நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பம். எனக்கு வேலை சிதம்பரத்தில். அவன் கார் வாங்கியதும், அதுவரை ஓட்டிய பைக்கை என் தலையில் கட்டினான். சாதாரண பைக் இல்லை. இன்ஜினைச் சுற்றி, சூட்டைத் தணிக்கும் கூலன்ட் ஓடும். முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ரேடியேட்டரில் போய் ஆறித் திரும்பி வரும். "ஃப்ளைட் மாரி போவும் மாமா" என்றான்.

கொடுத்த பிறகும் அது அவன் வண்டிதான். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வருவான். என்னைக் கேட்காமல் ஆணியிலிருந்து சாவியை எடுப்பான். வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, படம் எடுத்து, 'என் தங்கம்' என்று ஸ்டேட்டஸ் போடுவான். என் வாசலில் நிற்கிற என் வண்டி, அவன் தங்கம்.

அந்தத் தங்கம் சித்திரை வெயிலில் தன் வேலையைக் காட்டியது. வேலைக்குப் போகிற வழியில் குடிகாட்டுப் பக்கம் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது சூட்டுக்கான சிவப்பு விளக்கு மின்னும். புதுச்சத்திரம் வருவதற்குள் நிலையாக எரியும். ஓரங்கட்டி நிறுத்தி, இஸ்திரி போட்ட சட்டையோடு புளியமரத்தடியில் நின்று, அது ஆறும் வரை போகிற வருகிற பஸ்ஸையெல்லாம் எண்ண வேண்டும். சூடான வண்டியிலிருந்து லேசாகக் கோயில் வாசனை வேறு வரும். பக்கத்தில் எங்கேயோ பூஜை நடக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். ஆபீசுக்குப் போனால், "வாங்க சார், மதியச் சாப்பாட்டுக்கு நேரமா வந்துட்டீங்க" என்பார் மேலதிகாரி. அவர் முகத்திலும் அந்தச் சிவப்பு விளக்குதான் எரியும்.

மெக்கானிக்கிடம் விட்டேன். கூலன்ட் குறைந்திருக்கும் என்றார், நிறைய இருந்தது. பழசாகியிருக்கும் என்று மாற்றினார். அப்புறம், சூடேறியதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். மாற்றிய மறுநாளும் அதே புளியமரம். "ஓட்டுற ஆளப் பொறுத்தும் இருக்குது சார்" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவரை அங்கேயே இரண்டு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

ராத்திரி மச்சானுக்குப் போன் போட்டேன்.

"என்னா மச்சான், எஞ்சின் போன வண்டியதான் என்கிட்ட தள்ளி வுட்டியா?"

"என்கிட்ட இருந்தப்ப ஒரு நாளும் சூடாவல மாமா. நீங்க ஹாஃப் கிளட்ச்லயே ஓட்றீங்க. ஒங்களுக்குக் குடுத்தது என் தப்பு."

இன்னும் பேசியிருப்பேன். மனைவி போனைப் பிடுங்கி அணைத்துவிட்டாள். காரணம் இருந்தது. வைகாசியில் எங்கள் மகளுக்கு மொட்டையும் காதுகுத்தும் வைத்திருந்தோம். கீரப்பாளையத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் குலதெய்வக் கோயில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்கு மொட்டை அடிப்பார்கள், காது குத்துவார்கள். என் மகளுக்கு இருப்பது ஒரே மாமன்.

"எனக்குன்னு இருக்கிறது ஒரே தம்பி. அப்பாவும் இல்ல. அவன் மடியில ஒக்காந்துதான் எம் பொண்ணு காது குத்திக்கணும். அதுவரைக்கும் நீங்க வாய மூடிகிட்டு இருங்க. வண்டி எப்படியாச்சும் போவட்டும்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. சரி என்றேன். சொல்லும்போது அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நானே வண்டியோடு உட்கார்ந்தேன். இன்ஜினை ஓட விட்டேன். சூடேறியதும் ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. ஃபேன் சுற்றுகிறது, கூலன்ட் இருக்கிறது, இன்ஜினிலிருந்து வரும் குழாய் தொட முடியாமல் கொதிக்கிறது. அப்படியென்றால் சூடு ரேடியேட்டர் வரைக்கும் ஒழுங்காகத்தான் வருகிறது. அங்கே ஆற மாட்டேன் என்கிறது. ஃபேன் முன்பக்கமிருந்துதான் காற்றை இழுக்க வேண்டும். அன்றைய பேப்பரில் ஒரு தாளைக் கிழித்து ரேடியேட்டருக்கு முன்னால் பிடித்துவிட்டுக் கையை எடுத்தேன். காற்று உள்ளே போயிருந்தால் தாள் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கும். அது பொத்தென்று தரையில் விழுந்தது.

வண்டி நன்றாக ஆறியதும் முன்னாலிருந்த கம்பி வலைத் தடுப்பைக் கழற்றினேன். ரேடியேட்டர் என்பது மெல்லிய அலுமினியத் தகடுகள்; நடுவில் காற்று நுழையப் பொடிப்பொடியான சந்துகள். டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்தால் சல்லடை மாதிரி வெளிச்சம் தெரிய வேண்டும். நடுவில் ஒரு கையகலத்துக்கு இருட்டு. அதன்மேல் ரோட்டுப் புழுதி ஏறி, எல்லாம் ஒரே மண்நிறமாக இருந்ததால் வலைக்கு வெளியிலிருந்து யாருக்கும் தெரியவில்லை. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். சந்தனம். புளியமரத்தடியில் வந்த கோயில் வாசனை.

பூஜைக்குப் பூஜை வலையைக் கழற்றி, குழைத்து அப்பியிருக்கிறான். அது காய்ந்து இறுகி, அடுத்த வருஷம் அதன்மேலேயே இன்னொரு பூச்சு. வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தகடு மடங்காமல் தேய்த்தேன். சாயங்காலம் வரை மஞ்சளும் சிவப்புமாகத் தண்ணீர் ஓடியது. மறுபடி ஓட விட்டுத் தாளைப் பிடித்தேன். பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வண்டி சரியான சந்தோஷம் பாதி, அவன் மாட்டிக்கொண்ட சந்தோஷம் மீதி.

சுரண்டிய சந்தனத்தை ஒரு தாளில் மடித்துக்கொண்டு மறுநாளே கீரப்பாளையம் போனேன். வழியில் ஓர் இடத்திலும் சிவப்பு விளக்கு எரியவில்லை. மச்சான் வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தான். அவன் முன்னால் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினேன்.

"இது என்னான்னு தெரியுதா? ரேடியேட்டர்ல இருந்து எடுத்தது. எவன் வச்சது?"

குனிந்து பார்த்தான். "நான்தான் வச்சேன். அதுதான மாமா சூடாவுற எடம்? சந்தனம் குளிர்ச்சி. தெனம் அவ்ளோ தூரம் போறீங்க, வழியில ஒங்களுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு அங்க கொஞ்சம் ஜாஸ்தியாவே வச்சேன்."

உண்மையாகத்தான் சொன்னான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"ஃப்ரிட்ஜ் வேல செய்யலன்னா அதுக்கும் சந்தனம்தான் பூசுவியாடா? மூளைக்கும் கொஞ்சம் பூசிக்க வேண்டிதான?"

பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். கல்யாண மேடைக் கணக்கு அன்றைக்குத் தீர்ந்தது. மச்சான் சிரிக்கவில்லை.

"சரி மாமா. இனிமே ஒங்களோடத எதையும் நான் தொட மாட்டேன்" என்று உள்ளே போனவன், கதவருகில் நின்று திரும்பினான். "கொழந்தையும் ஒங்களோடதுதான."

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி திட்டவில்லை. காதுகுத்து வரைக்கும் என்னோடு பேசவுமில்லை. சோறு போடுவாள், தட்டை நகர்த்துவாள், அவ்வளவுதான். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அதை அந்த வீட்டில் யாரிடம் போய்ச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

காதுகுத்தன்று கோயிலில் எல்லோரும் இருந்தார்கள், அவனைத் தவிர. முடி எடுப்பவர் கத்தியை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். காது குத்தும் ஆசாரி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாவுது, என் மடியில வைங்க" என்றார் என் அண்ணன். என் மனைவி குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றாள்.

கார் வந்தது. இறங்கியவன் என் பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் போய் மணையில் உட்கார்ந்து, அக்காவைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினான்.

மொட்டை அடித்தார்கள். மகள் கத்திய கத்தலில் கோயிலே அதிர்ந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றித் துடைத்து மறுபடி அவன் மடியில் உட்கார வைத்தார்கள். யாரோ சந்தனக் கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தார்கள். ஒரு கை அள்ளினான். பூசப் போனவன் நிறுத்திவிட்டு, அன்று முதல் தடவையாக என்னைப் பார்த்தான்.

"இங்க வைக்கலாமா மாமா? இல்ல, இதுவும் அடைச்சிக்குமா?"

கேட்டவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. என் மனைவிக்குப் புரிந்தது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அத்தனை பேர் நடுவில் என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டான்.

"வை" என்றேன்.

"எவ்ளோ?"

"ஜாஸ்தியாவே வை."

வழித்து வழித்துப் பூசினான். பூசப் பூச மகளின் அழுகை அடங்கி விசும்பலானது. ஆசாரி ஊசியை எடுத்தார். முதல் காதில் குத்தியதும் அலறிக்கொண்டு திரும்பினாள். எட்டுகிற தூரத்தில் நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றிருந்தேன். அவள் மாமன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, சந்தனத் தலையை அவன் நெஞ்சில் வைத்து முகத்தை மூடிக்கொண்டாள்.