மேல் டிவிசனுக்கு மாற்றப்பட்ட பதினொருவர்

நான் எழுதி ஒட்டிய அறிவித்தல் எதிலும் பிற்பாடு ஒரு சொல்லேனும் திருத்தப்பட்டதில்லை. தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவன் நான். கல்லூரியில் தருக்கமும் இலத்தீனும் கற்றவன். ஐம்பதுகளின் பிற்பகுதியில் அந்த நற்பெயருக்கு வந்த சோதனையைப் பலர் பலவிதமாகச் சொல்லிச் சிரிப்பதால், நடந்தது நடந்தபடி நானே எழுதிவைக்கிறேன்.

ஆறு தோட்டங்கள் சேர்ந்து நடத்திய உதைபந்தாட்டச் சங்கத்துக்கு நான் செயலாளர். அதுவரை ஆறு அணிகளும் ஒரே தொகுதியில் ஆடின. அது அழகாக இல்லை. கந்தப்பளைப் பக்கத்து அணி ஒன்று பதினான்கு கோல் வாங்கியபின், பதினைந்தாவதைத் தடுக்கும் பொருட்டுப் பந்தையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டது. ஆகவே வலுவான மூன்று அணிகளை ஒரு தொகுதியாகவும் மெலிந்த மூன்றை மற்றொரு தொகுதியாகவும் பிரித்து, அவற்றில் முன்னணி வகிப்போர் இறுதிச் சுற்றில் மோதவேண்டும் என விதி செய்தேன். பிரிவு என்று எழுதத்தான் முதலில் எண்ணினேன். தொழிலாளர்களுக்கும் விளங்கவேண்டுமே என்ற நல்லெண்ணத்தில், மேல் டிவிசன், கீழ் டிவிசன் என்று எழுதினேன்.

எங்கள் அணி முந்திய ஆண்டில் மூன்றாமிடம் பெற்றிருந்தது. மண்சரிவால் எதிரணிகளின் பஸ் இரண்டுமுறை வந்துசேராததே காரணம். எனினும் புள்ளி புள்ளிதான். விதிப்படி அவர்களை மேல் டிவிசனில் இட்டேன். ஆட்டங்கள் எப்படி முடியும் என்று கணக்கிட்டு ஓர் எதிர்வுகூறலையும் இணைத்தேன். அதன்படி எங்கள் அணி மேல் டிவிசனில் கடைசியாக வரும். சொந்தத் தோட்டத்தின் தோல்வியைக் கையொப்பமிட்டு ஒட்டிய செயலாளர் மலைநாட்டில் வேறெவரும் இருந்ததாக நான் அறியேன்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எந்தத் தோட்டத்தையும் போல எங்கள் தோட்டமும் இரண்டு டிவிசன்களாக இருந்தது. கீழ் டிவிசன் ஆற்றோரம். கோயில், பள்ளிக்கூடம், கடை எல்லாம் அங்கே. மேல் டிவிசன் மூன்று மைல் ஏற்றத்தில், காற்றும் பனியும் குடியிருக்கும் இடம். எங்கள் ஆட்டக்காரர் பதினொருவரும் கீழ் டிவிசன் லயக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள். காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துப் பலகையில் நான் ஒட்டிய அறிவித்தலின் முதல் வாக்கியம் இது: “நமது ஆட்டக்காரர் பதினொருவரும் வரும் முதலாந் திகதி தொடக்கம் மேல் டிவிசனுக்கு மாற்றப்பட்டுள்ளனர்.” கீழே என் கையொப்பம். அதன்மேல், பழக்கத்தினால், தோட்டத்து முத்திரை.

முதலாந் திகதி ஞாயிற்றுக்கிழமை. காலையில் என் குவாட்டர்ஸ் சன்னல் வழியே பார்த்தபோது பதினொரு குடும்பங்கள் மேட்டுப் பாதையில் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. சட்டி, பானை, சுருட்டிய பாய், கால் கட்டிய கோழிகள். கோல்காப்பாளர் தலையில் அம்மிக்கல். யாரும் முணுமுணுக்கவில்லை. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப்போட்டு, பதிலாக வந்த தாளைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த மக்கள் அவர்கள். தாளில் எழுதியிருக்கும் இடமே அவர்களுடைய இடம்.

உடனே ஓடிப்போய்ப் பிழை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், பந்து விளையாட்டுத் தாளில் தோட்ட முத்திரை ஏன் விழுந்தது என்று தோட்டத்தை நடத்தும் துரை கேட்பார். ஆகவே திருத்தாமல், தெளிவுபடுத்தினேன். அன்றே இரண்டாவது அறிவித்தல் மேல் டிவிசனுக்குப் போயிற்று: “மேற்படி மாற்றம் ஆட்டக்காரரை மட்டுமே சாரும், குடும்பத்தினரை எவ்விதத்திலும் பாதிக்காது.” அதன்மேலும் முத்திரை இட்டேன், இல்லையேல் முதலாவதை அது வெல்லாது.

மாலையில் பெண்களும் பிள்ளைகளும் கோழிகளும் இறங்கி வந்தார்கள். ஆண்கள் பதினொருவரும் மேலேயே தங்கிவிட்டார்கள்.

மேல் டிவிசனில் வேலை வாங்கும் கண்டாக்குக்கோ பெருமகிழ்ச்சி. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்ட ஆளில்லாமல் தவித்தவருக்குப் பதினொரு கத்திகள் கிடைத்தன. வெட்டு பகலோடு முடிந்துவிடும். அதன்பின் மனைவி இல்லை, கடை இல்லை, கோயில் இல்லை. பழைய ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு தட்டையான நிலம் மட்டும் இருந்தது. வேறு வழியின்றி அவர்கள் நாள்தோறும் பந்தாடினார்கள். ஐந்து வாரங்களில், என் கணக்கை எல்லாம் பொய்யாக்கி, மேல் டிவிசனில் முதலாவதாக வந்து, இறுதி ஆட்டத்தில் ராகலைப் பக்கத்து அணியை மூன்றுக்கு ஒன்றாக வென்றார்கள். கிண்ணத்தைக் கொடுத்த துரை என் கையைக் குலுக்கி, குளிர்ந்த உயரத்தில் பயிற்சி முகாம் நடத்திய கிளாக்கர் தன் அனுபவத்தில் நான் ஒருவனே என்றார். நான் மறுக்கவில்லை.

மறுநாள் கோல்காப்பாளரின் மனைவி, கொழுந்துக் கூடையோடு இன்னும் இருவரை அழைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கு வந்தார்.

“கப்பு வந்திருச்சுங்களே ஐயா. எங்க ஆளு எப்பங்க வருவாரு?”

இன்றே வரலாம், தடுப்பவர் யாருமில்லை என்றேன்.

“வாயால சொன்னா கண்டாக்கையா வுடமாட்டாருங்க. கவ்வாத்து பாதியில நிக்குதாம். தாளுல போனவங்க தாளுலதான் வரணுமாம்.”

நான் யோசிப்பதைக் கண்டு, பின்னால் நின்ற பெண் மெதுவாகச் சொன்னார்: “ஐயா வீட்டம்மாவ ஒரு மாசம் டிவிசன் மாத்திப் பாருங்க. தாளு தானா வந்துரும்.”

பக்கத்து மேசையில் சின்னக் கிளாக்கருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

இது தோட்டத்து டிவிசன், பந்தாட்ட டிவிசன் அல்ல என்று விளக்கி எழுதினால், முதல் தாளின் பிழையை நானே ஒப்புக்கொண்டதாகும். எழுதாவிட்டால் பதினொரு வீடுகளில் ஆணில்லை. ஆகவே முதல் அறிவித்தலின் அதே சொற்களில் மூன்றாவதை எழுதினேன்: “நமது ஆட்டக்காரர் பதினொருவரும் இன்று தொடக்கம் கீழ் டிவிசனுக்கு மாற்றப்பட்டுள்ளனர்.” முத்திரை இட்டேன். சங்கத்தின் அறிவித்தல்கள் எல்லாவற்றுக்கும் பிரதி அனுப்பவேண்டும் என்பது நானே செய்த விதி. ஆகையால் ஐந்து தோட்டங்களுக்கும் பிரதிகள் போயின.

கிண்ணம் வென்ற அணியைக் கீழே தள்ளுவது எந்த விதியின்படி என்று ஐந்து செயலாளர்களும் கடிதம் எழுதினார்கள். ஒருவர் எனக்குச் சுகமில்லையா என்றும் விசாரித்திருந்தார். தக்க காரணங்களின் பேரில் என்று ஐவருக்கும் ஒரே பதில் எழுதினேன். உதைபந்தாட்டத்தில் என் தீர்ப்பை அதன்பின் எவரும் கேட்டதில்லை. எங்கள் அணி கடைசியில் நிற்கும் என்ற என் எதிர்வுகூறல் ஒருவகையில் பலித்தது என்பதையும் எவரும் கவனிக்கவில்லை.

அன்று மாலை பதினொருவரும் இறங்கி வந்தார்கள். கோல்காப்பாளர் தலையில் மறுபடியும் அம்மிக்கல். கிண்ணம் வேறொருவர் கையில். என் வாசலில் நின்று, கல்லை இறக்காமலே கேட்டார்:

“அடுத்த வருசம் எங்கங்கய்யா இருப்போம்? இப்பவே சொல்லிட்டீங்கன்னா, இந்த அம்மிய அங்கனயே வச்சுட்டு வந்துருவேன்.”