நாமம் விழுந்த மத்தியானம்

மிளகையும் கல்கண்டையும் சேர்த்து வாயில் போட்டுக்கொண்டால் முதலில் இனிக்கும், பிறகு சுரீரென்று தொண்டையில் ஏறும், கண்ணில் ஜலம் முட்டும், ஆனாலும் இன்னொன்று கொடு என்று கை தானாக நீளும். யுத்த காலத்து பம்பாயில் சர்க்கரையை ரேஷன் கடையில் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது, மாதுங்காவில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் ஒரு தகர டப்பா நிறையக் கல்கண்டு இருந்ததென்றால், அதற்குக் காரணம் அப்பா நடத்தவிருந்த அகண்ட நாமம். நாள் முழுக்க நாமம் சொல்பவர்களுக்குத் தொண்டை கட்டாமல் இருக்க அது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வருஷம்தான் முதல் தடவையாகச் சொல்பவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

அகண்ட நாமம் என்பது இதுதான்: கூடத்தின் நடுவே குத்துவிளக்கை ஏற்றி, ஒரு சூரியோதயத்திலிருந்து மறு சூரியோதயம்வரை அதைச் சுற்றி வந்தபடியே ராம நாமத்தை இடைவிடாமல் சொல்ல வேண்டும். ஒரு கோஷ்டி களைத்தால், அடுத்த கோஷ்டி வந்து குரல் சேர்த்த பிறகுதான் முதல் கோஷ்டி விலகலாம். நடுவில் ஒரு மூச்சு நேரம் கூடம் மௌனமானாலும் "நாமம் விழுந்துடுத்து" என்பார்கள்.

அப்பா பம்பாயின் ஃபோர்ட் பகுதியில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா. எதிலும் பிசகு பொறுக்காத மனுஷர். படித்து முடித்த பேப்பரை ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடிப்பார்; அம்மா மடித்து வைத்தால் அதைப் பிரித்து மறுபடி மடிப்பார். ஒரே ஒரு நாள், ஒரு பிசகும் இல்லாமல் நாமம் நடந்துவிட்டால் உள்ளே ஏதோ ஒரு கதவு திறந்துகொள்ளும், அதற்கப்புறம் எல்லாம் விளங்கிவிடும் என்று அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. அதற்கு முன் இரண்டு தடவை நடத்தி, இரண்டு தடவையும் விழுந்துவிட்டது. ஒரு தடவை விடியற்காலைக் கோஷ்டி நின்றபடியே தூங்கிவிட்டது. இன்னொரு தடவை தனியாகச் சொல்லிக்கொண்டிருந்த எதிர்வீட்டு மாமாவுக்கு விக்கல் எடுத்தது. கேவலம் ஒரு விக்கலில் மோட்சம் கைநழுவிப் போனதே என்று அப்பா அன்று சாப்பிடவில்லை. "இந்தத் தடவையும் விழுந்துதுன்னா, நமக்குப் பிராப்தம் இல்லேன்னு அர்த்தம். இனிமே நடத்தப் போறதில்லே" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

சித்திரை பிறந்த புதிது. அப்பா ஆபீசுக்கு லீவு போட்டிருந்தார். காலையிலிருந்தே எங்கள் வீட்டு மாடிப்படி கோவில் வாசல் மாதிரி ஜேஜே என்றிருந்தது. ஜால்ராச் சத்தமும் சாம்பிராணிப் புகையும் ஃபில்டர் காப்பி வாசனையும் ஒன்றாகக் கலந்து, மூச்சை இழுத்தாலே குதிக்க வேண்டும் போலிருந்தது. மத்தியானம் பெரியவர்கள் எதிர்வீட்டில் சற்றுக் கட்டையைச் சாய்க்கப் போக, நாலு மணிக்குக் குழந்தைகள் கோஷ்டி இறங்கியது. எங்களுக்குத் துணையாக அப்பா மட்டும் கூட வந்தார். நான் முதல் ஆளாக நின்று, பக்கத்துக் கட்டிடத்துக்கே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு சுற்றினேன். அப்பா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் என்னை மெச்சி அப்படி ஆட்டியது அதற்கு முன் எனக்கு நினைவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம். தரை ஒருமுறை தூக்கிப் போட்டது. ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென்று ஆட, சுவரிலிருந்த படம் ஒன்று கீழே விழுந்து நொறுங்கியது. யாரோ "ஜப்பான்காரன் குண்டு போட்டுட்டாண்டா!" என்று அலறினார்கள். பசங்கள் ஜால்ராக்களை வீசிவிட்டு மாடிப்படியில் பாய்ந்தார்கள். "அம்பு!" என்று என் பேரைச் சொல்லி ஒரு குரல் கேட்டது. அப்படி ஒரு குரல் அப்பாவிடம் உண்டென்றே எனக்குத் தெரியாது. அடுத்த கணம் அவர் என்னை இடுப்பில் அள்ளிக்கொண்டு, திறந்த மார்போடு, மூன்று மாடியும் இறங்கிக் கட்டிட முற்றத்தில் நின்றார்.

கட்டிடமே அங்கே கூடியிருந்தது. தெற்கே வானத்தில் கரும்புகை எழும்பிக்கொண்டிருந்தது. அப்பா என் தலை, கை, கால் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். மேலே எங்கள் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். "நாமம்!" என்றார். முகத்தில் ரத்தமே இல்லை. என்னை இறக்கிவிட்டுப் படியேறி ஓட, நானும் பின்னாலேயே ஓடினேன்.

இரண்டாம் மாடியிலேயே எங்களுக்குக் கேட்டுவிட்டது. மேலே யாரோ நாமம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒற்றைக் குரல். சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். அப்படிப் பாட எங்கள் வீட்டில் ஒரே ஒருத்தரால்தான் முடியும். அம்மாவை அப்பா எந்தக் கோஷ்டியிலும் சேர்த்ததில்லை. "உனக்குச் சுருதி நிக்காது, நீ காப்பியைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிடுவார். அந்த அம்மா கையில் பால் கரண்டியோடு, ஆளில்லாத கூடத்தில், விளக்கைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அப்பாவும் நானும் குரல் சேர்த்தோம். ஒவ்வொருத்தராக மேலே வந்து சேர்ந்துகொண்டார்கள். கூடம் நிறைந்ததும் அப்பா அம்மாவை ஓரமாக அழைத்து, "நடுவிலே விழுந்துதா?" என்று கேட்டார்.

அம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "விழாமே? ஓடி வந்து பாத்தா கூடத்திலே ஒரு ஈ காக்கா இல்லே. ஜன்னல் வழியா ஒங்களையும் கொழந்தையையும் கண்ணாலே பாத்தப்புறம்தான் எனக்கு வாயே வந்துது" என்றாள்.

எதிர்வீட்டு மாமா அருகில் வந்து, "விளக்கை மலையேத்திடலாமா ஓய்?" என்று மெதுவாகக் கேட்டார். நான் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா குனிந்து விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார். பிறகு "நடக்கட்டும்" என்றார். அம்மாவைப் பார்த்து, "நீயும் இரு" என்றார்.

சற்று நேரத்தில் இரண்டாவது வெடி வெடித்தது. முதலாவதைவிடப் பெரியது. இந்தத் தடவை ஒருத்தரும் நகரவில்லை. பயத்தில் எல்லார் குரலும் உச்சத்துக்கு ஏறியது. நான் அம்மாவின் புடவைத் தலைப்பை ஒரு கையிலும் அப்பாவின் விரலை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, அவர்களுக்கு நடுவே குதித்துக் குதித்துச் சுற்றினேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு கல்யாணத்தில்கூட வாய்க்கவில்லை. துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்துத் தெருத்தெருவாக ஜனங்கள் செத்துக்கிடந்தார்கள் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. ஃபோர்ட்டிலிருந்து நடந்தே வந்த ஆபீஸ்காரர்கள் புகை படிந்த முகத்தோடு படியேறி வந்து, விளக்கின் முன் உட்கார்ந்து அழுதார்கள். மறுநாளைக்காக வைத்திருந்ததையெல்லாம் எடுத்து அம்மா அவர்களுக்குச் சோறு போட்டாள்.

பின்னாளில் நாங்கள் செம்பூருக்குக் குடிபோன பிறகும் பஜனைக்காரர்கள் அப்பாவைப் பார்க்க வருவார்கள். "அகண்ட நாமம் முழுசா நடந்திருக்கா மாமா?" என்று யாராவது கேட்டால், "ஒரே ஒரு தடவை. அம்புவுக்கு அப்போ ஒம்பது வயசு" என்பார். அம்மா சமையலறையிலிருந்தே, "அன்னிக்குத்தான் விழுந்துடுத்தே!" என்று குரல் கொடுப்பாள். "விழுந்துது, விழுந்துது" என்று அப்பா சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார். ஆனால் கணக்கை மட்டும் மாற்றமாட்டார்.

இப்போது அந்தக் கட்டிடம் இல்லை. அந்த இடத்தில் அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்கு வேறொன்று நிற்கிறது. நாமம் சொல்ல ஒரு நாள் முழுக்க லீவு போடுகிறவர்களும் இல்லை. என் மருமகள் பூஜை அலமாரியில் ஒரு சின்னப் பெட்டியை வாங்கி வைத்திருக்கிறாள். சுவரில் செருகினால் போதும். இரவும் பகலும் ராம நாமம் சொல்கிறது, சுருதி பிசகாமல், ஒரு மூச்சுக்கூட நிற்காமல். அப்பா ஆயுசெல்லாம் கேட்டது இதைத்தான். அவர் இருந்திருந்தால் முதல் நாள் அதன் முன் கைகட்டி நின்று ஆச்சரியப்பட்டிருப்பார். இரண்டாம் நாள் அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, உள்ளே பார்த்து, "கொஞ்சம் வந்து நீ சொல்லேன்" என்று அம்மாவைக் கூப்பிட்டிருப்பார்.