ஒப்புக்குச் சப்பாணி

மாட்டுப் பொங்கலன்று மாலை நாலே கால். ரெட்டிபாளையத்தில் எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை வட்டமாகப் போட்டிருந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். லாரிகள் கிளப்பிய தூசி அவற்றின் மேல் படிந்திருந்தது. பெண்களுக்கான மியூசிக்கல் சேர். சுற்றி வந்தவர்களில் என் அக்காவும் இருந்தாள். தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைப்பவள். போலியோ வந்த இடது காலை இழுத்துத்தான் நடப்பாள்.

மூன்று சுற்று பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அக்கா ஒரு நாற்காலிக்கு நேரே வரும்போதுதான் பாட்டு நின்றது. பாட்டை நிறுத்துகிற இளைஞன் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான்காவது சுற்றில், உட்கார்ந்துவிட்ட ஒருத்தி எழுந்து அவளுக்கு இடம் விட்டாள்.

"டெய்லரக்காவுக்கு ஜோரா ஒரு கை தட்டுங்க!" என்றான் அவன் மைக்கில். தட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டு கணக்கில் மட்டும் எடுக்காத பிள்ளைக்கு ஒப்புக்குச் சப்பாணி என்று பெயர். தொட்டாலும் அவுட் இல்லை, ஜெயித்தாலும் ஜெயிப்பு இல்லை. மற்றப் பிள்ளைகளுக்கு வளர வளர அந்தப் பெயர் உதிர்ந்துவிடும். அக்காவுக்கு உதிரவில்லை. நிஜமாகவே கால் இழுப்பவளைக் கூசாமல் அந்தச் சொல்லால்தான் கூப்பிட்டார்கள். நிலமும் சாதியும் உடம்பும் ஆளுக்கு ஆள் வேறாக இருக்கிற தெருவில், எல்லோருக்கும் ஒரே விதி என்பது ஆட்டத்தில் மட்டும்தான். அதற்காகத்தானே ஆடுகிறோம்? அங்கேயும் அவளுக்கு விலக்கு. இப்போது அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கை தட்டுகிறார்கள்.

அக்கா உட்காரவில்லை.

"பாட்ட நிறுத்துறவன் அந்தப் பக்கம் திரும்பி நில்லு. மொதல்லேர்ந்து ஆடுவோம்."

"வெளயாட்டுதானேக்கா! இதுக்குப் போயி கோவிச்சுக்கறீங்களே."

"பஸ்ஸுல எடம் விடு, உக்காந்துக்கறேன். ரேஷன் கடையில முன்னால விடு, போறேன். வெளயாட்டுல எதுக்குடா விடுற?"

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். எடுத்துவைத்த நாற்காலிகளை மறுபடி போட்டார்கள். அவுட் ஆனவர்களும் வட்டத்துக்கு வந்தார்கள். பாட்டு நின்றபோது அக்காவும், முன்பு இடம் விட்ட அதே பெண்ணும் ஒரே நாற்காலிக்குப் பாய்ந்தார்கள். அந்தப் பெண் இடுப்பால் ஒரு இடி இடித்து உட்கார்ந்துகொண்டாள்.

"எந்திரிக்க மாட்டேன், போ டெய்லரக்கா!"

"இருடி, ஒன் ஜாக்கெட்ட இறுக்கித் தச்சிர்றேன்."

முதல் சுற்றிலேயே அக்கா அவுட்.