சிவலை தண்ணீர் குடித்த கல்வண்டி

தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் நோயாளர் பதிவேடுகளைத் தேடி எடுத்துக் கொடுக்கிற ஜெயந்தினிக்கு ரயில் பைத்தியம் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்வார்கள். எல்லா ரயிலும் அல்ல. சுண்ணக்கல் குழியிலிருந்து சீமெந்து ஆலைக்குக் கல் இழுத்த ஒரு சின்னப் பாதை மட்டும். அதன் தண்டவாளங்கள் யுத்த காலத்தில் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகிப் போயின.

இருபத்தைந்து வருட இடப்பெயர்வுக்குப் பிறகு ஊர் திரும்பிய அன்று, தன் வளவு எது என்றே அவருக்குத் தெரியவில்லை. வேலி இல்லை, பனை இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. பற்றைக்குள் நேர்கோடாக அந்த ரயில் பாதையின் சல்லிக்கல் மட்டும் ஓடியது. காணி உறுதியோடு இருந்த அளவைப் படத்திலும் அந்தப் பாதை இருந்தது. அதிலிருந்து நாற்பத்திரண்டு அடி அளந்து கிண்டியபோது, மண்வெட்டியில் வீட்டு அத்திவாரம் இடித்தது.

அன்று பிடித்த பைத்தியம் அது. மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு பாதையின் மிச்சங்களைத் தேடத் தொடங்கினார். ஆணிகள், சிலிப்பர் கட்டைகள், இரண்டு பழைய புகைப்படங்கள் கிடைத்தன. கல் ஏற்றிய வண்டி ஒன்றுதான் அகப்படவே இல்லை.

போன மாசியில் அவர்களில் ஒருவனான பிறேம், சுன்னாகத்துக்கு அப்பால் ஒரு வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் மோட்டர் பூட்டப் போனான். பாதி வேலையில் ஜெயந்தினிக்குப் போன் எடுத்தான்.

“அக்கா, இஞ்சை ஒரு மாடு எங்கடை வண்டிக்குள்ளை தண்ணி குடிக்குது.”

ஜெயந்தினி உடனே போய்ப் பார்த்தார். அடியில் சில்லுகள் இல்லை. ஆனால் கல்லைச் சாய்த்துக் கொட்டுகிற அதே இரும்புப் பெட்டி. தோட்டக்காரர் தம்பிராசா சிரித்தார்.

“பிந்திப்போனியள் பிள்ளை. பழைய இரும்புக்காரன் பிளாஸ்ரிக் தண்ணித் தாங்கி ஒண்டு தந்திட்டு இதை ஏத்துவன் எண்டவன். சனிக்கிழமை வாறான்.”

“நாங்கள் சீமெந்திலை தொட்டி கட்டித் தாறம் அண்ணை,” என்றார் ஜெயந்தினி.

“கட்டுங்கோ. சனிக்கிழமைக்கு முன்னம் சிவலை அதிலை குடிச்சால் பெட்டி உங்களுக்கு.”

திங்களன்று கட்டினார்கள். புதன் தண்ணீர் விட்டார்கள். சிவலைப் பசு மோந்து பார்த்தது, மூக்கைச் சுழித்தது, திரும்பி நடந்து பழைய பெட்டியில் வாய் வைத்தது. வியாழனும் அப்படியே.

“தவிடு போட்டுப் பாப்பமே?” என்றான் பிறேம்.

ஜெயந்தினி தொட்டித் தண்ணீரை ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்துத் துப்பினார். சுண்ணாம்பு.

“பாதையாலை நாளுக்கு எத்தினை தொன் சுண்ணக்கல் போனது எண்டு நித்திரையிலும் சொல்லுவம். புதுச் சீமெந்திலை சுண்ணாம்பு ஊறும் எண்டது ஒருத்தருக்கும் நினைவில்லை.”

வீடு கட்டியபோது அவருடைய புதுத் தொட்டியையே சுண்ணாம்பு போக ஒரு கிழமை வாழைக்குற்றி போட்டு ஊறவைத்திருந்தார்கள். இங்கேயும் வாழைக்குற்றி வெட்டிப் போட்டார். ஆனால் சனிக்கு ஒரு நாள்தான் இருந்தது.

சனி காலை, நீலத் தாங்கியோடு லொறி வந்து நின்றது. இரும்புக்காரர் கயிற்றை எடுத்தார்.

“கொஞ்சம் பொறும்,” என்றார் தம்பிராசா. “உமக்கும் அதே சட்டந்தான். முதல் மாடு குடிக்கட்டும்.”

தாங்கியில் பாதிக்குத் தண்ணீர் விட்டார்கள். வெயிலில் பளபளத்த நீலத்தைச் சிவலை கண் உருட்டிப் பார்த்தது. திரும்பி நின்று ஓர் உதை விட்டது. இலேசான தாங்கி, தண்ணீரோடு வெங்காயப் பாத்திக்குள் சரிந்தது.

“உவளுக்குப் பிடிக்கேல்லை,” என்றார் தம்பிராசா. “நான் என்ன செய்ய?”

இரும்புக்காரர் முணுமுணுத்துக்கொண்டே தாங்கியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். அடுத்த புதன்கிழமை வேலை நேரத்தில் ஜெயந்தினிக்குப் போன் வந்தது.

“ஏத்துங்கோ பிள்ளை. குடிச்சிட்டாள்.”

பெட்டி இப்போது அவருடைய வளவின் ஓரத்தில், சல்லிக்கல் கோட்டின் மேல் நிற்கிறது. பிறேம் துருவைச் சுரண்டி, கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு வந்தான். ஒரு பக்க விளிம்பு மட்டும் வருடக்கணக்காய்ச் சிவலையின் கழுத்து உரசி மினுங்கியது.

“இதுக்கும் அடிக்கட்டே அக்கா?”

“வேண்டாம். அதை விடு,” என்றார் ஜெயந்தினி. “அவள் இல்லாட்டி இது எப்பவோ உருகியிருக்கும்.”