ஒட்டியது ஒன்று, தெரிந்தது ஒன்று

போன், இன்டர்நெட் எடுத்துக் கொடுக்கும் கொமியுனிகேஷன் கடைக்காரனின் தொழில், அடுத்தவர் கொடுத்ததைக் கொடுத்தபடியே அனுப்புவது; இணையத்தில் இருக்கும் எழுதுபெட்டிகளின் தொழில் அதைக் கெடுப்பது. லிங்க் ஒட்டி நொந்தவர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். கல்முனையில் என் கடைக்கு வந்த ஒரே ஒரு லிங்க் பட்ட பாடு இது.

இன்ஷா அல்லாஹ்

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளியில் நிகாஹ். மணமகளின் வாப்பா கரீம் காக்கா கட்டாரில், லீவு கிடைக்கவில்லை. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மகளை ஒப்படைக்க வேண்டியவர், அந்தப் பொறுப்பைத் தம்பி நிஸாரிடம் கொடுத்துவிட்டு, நடக்கும்போதே வீடியோவில் பார்த்தால் போதும் என்று இருந்தார். அவருடைய போனில் எழுத்துத் தெரியும், வீடியோ ஓடாது. எங்கள் ஊர் இணைய ஃபோரத்தில் வீடியோ லிங்க்கைப் போட்டால், பார்த்துத் தாளில் எழுதிக்கொண்டு போய் வேலைத்தளக் கம்பியூட்டரில் அடிப்பாராம்.

காலையிலேயே நிஸார் காக்கா கடைக்கு வந்தார். அவர் சொல்லச் சொல்ல விபரத்தை அடித்து, லிங்க்கை ஒட்டி, இடைவெளி விடாமல் "இன்ஷா அல்லாஹ்" என்று முடித்தேன். எழுதுபெட்டி 'இன்ஷா'வையும் லிங்க்கோடு விழுங்கிச் சதவீதக் குறிகளாகக் கக்கியது. அதை எடுத்துவிடுவோமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"என்ன கதை கதைக்கிறீங்க தம்பி? இனித்தானே நடக்கப் போற காரியம். லிங்க் வேலை செய்யாட்டியும் பரவால்ல, இன்ஷா அல்லாஹ் இரிக்கணும்."

மூன்று புள்ளி

இன்ஷா அல்லாஹ்வை லிங்க்குக்கு முன்னால் வைத்துப் பிரச்சினையைத் தீர்த்தேன். அந்தப் பெருமை மத்தியான ஜும்ஆ வரைக்கும்கூட நிலைக்கவில்லை. ஃபோரத்துக்கு நீளமான லிங்க் ஆகாது. நடுவை வெட்டி மூன்று புள்ளி வைத்துவிடும். லிங்க்கை விரலால் அமத்துகிறவருக்குத் திறக்கும். பார்த்து எழுதுகிறவர் என்ன செய்வார்? கரீம் காக்கா கட்டாரிலிருந்து போனில் கோல் எடுத்தார்.

"கண்ணால கண்டதெல்லாம் அடிச்சன் தம்பி. புள்ளி மூண்டும் போட்டன். சரிவரல்ல எண்டு கூட ரெண்டு புள்ளியும் போட்டுப் பாத்தன்."

அழகு

ஃபோரத்தை நடத்துபவர் மருதமுனைக்காரர். ஏன் லிங்க்கை வெட்டுகிறீர்கள் என்று போனில் கேட்டேன். தளம் பார்க்க அழகாக இருக்க வேண்டுமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில், இங்கே ஒரு மனிதன் மகளின் நிகாஹைப் பார்க்கக் காத்துக் கிடக்கிறான், உங்கள் அழகைக் கொண்டுபோய் அலுமாரியில் வையுங்கள் என்று கத்திவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவரே திரும்பக் கோல் எடுத்தார்.

"வெட்டுறத நிப்பாட்டிட்டன். இனி உங்கட லிங்க் தலையில இரிந்து கால் வரைக்கும் தெரியும், சந்தோஷமா?"

மஞ்சள் முகம்

சந்தோஷம்தான். மறுபடி பாருங்கள் என்று கரீம் காக்காவுக்குச் சொல்லிவிட்டு, அந்தச் சந்தோஷத்தில் நான் திறந்து பார்க்காமலே கடையைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். நிகாஹ் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளையின் கையைப் பிடித்திருந்த நிஸார் காக்கா, அண்ணன் பார்க்கிறார் என்ற நினைப்பில் கமரா பக்கம் திரும்பிச் சிரித்தார். நானும் அதே நினைப்பில் இரண்டு துண்டு மஸ்கட் இனிப்புச் சாப்பிட்டேன்.

திரும்பி வந்து ஃபோரத்தைப் பார்த்தேன். லிங்க் முழுதாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு முக்காற்புள்ளியும் அதை ஒட்டி ஆங்கிலப் பெரிய 'டி' எழுத்தும் வரவேண்டிய இடத்தில், எழுதுபெட்டி அந்த இரண்டையும் சேர்த்துப் பல்லைக் காட்டும் மஞ்சள் முகம் ஆக்கியிருந்தது. வெட்கமாகப் போய்விட்டது. கோல் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். கரீம் காக்கா ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"மருமகன்ட முகத்தக் காணக் கிடைக்கல்ல தம்பி. லிங்க்குக்குள்ள மஞ்சள் முகம் ஒண்டு சிரிச்சிட்டு இரிந்திச்சி. நிகாஹ் முடியிற வரைக்கும் தேடினன், அது கீபோட்ல எந்தக் கட்டையில இரிக்கி?"

இப்போதெல்லாம் யாருக்கு லிங்க் ஒட்டிக் கொடுத்தாலும், திறக்குமா என்று அவர்கள் கேட்கும் முன்பே "இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிடுகிறேன், இடைவெளி விட்டு.