ஸ்டெல்லாவின் மொண்ணைக் கத்தி

1. கத்தி மேல் பழி

மரக்காணம் உப்பளத்தில் மூட்டை தைக்கும் ஷெட்டில்தான் என் வேலைக்காலம் பூராவும் போனது. மிஷின் சாக்கின் வாயைத் தைத்துவிடும். தொங்கும் நூலை நாங்கள் மடக்குக் கத்தியால் அறுப்போம்.

ஒரு நாள், என்னோடு மூட்டை தைத்த ஸ்டெல்லாவுக்கு நூல் அறுபடவில்லை. பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். கத்தி நழுவி இடது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. உப்புக் கை வேறு, துடித்துப் போனாள்.

சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான். ஆனால் ரத்தத்தைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும். "ஏம்மா, இனிமே நீ கத்தியத் தொடாத. கை ஆறினதும் கூடை தூக்கப் போ" என்றார்.

அவளுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. கூடை தூக்க முடியாது. அப்படியென்றால் வீட்டில்தான் உட்கார வேண்டும். அவள் வீட்டில் சம்பாதிப்பதோ அவள் ஒருத்திதான்.

"கை ஆர்ற வரைக்கும் பொறுங்க சார். அப்புறம் அவ வேலையப் பாத்துட்டு சொல்லுங்க" என்றேன். அவர் தலையாட்டினார்.

2. கப்பைக் கவிழ்த்தோம்

காயம் ஆறிவந்த ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும் ஸ்டெல்லா கத்தியோடு என் வீட்டுக்கு வந்தாள். விரிக்கப் பார்த்தால் அது அடம்பிடித்தது. மூட்டெல்லாம் துரு.

"இத எங்கடி கழுவுற?"

"வாய்க்கால்லதான். கைகால் கழுவறப்ப தெனமும் கழுவிடுவேன். உன்னாட்டம் அழுக்கா வெச்சிருக்க மாட்டேன்."

சிரித்துவிட்டேன். எங்களிலேயே சுத்தக்காரி அவள்தான். ஆனால் அந்த வாய்க்காலில் ஓடுவது பாத்திக்குப் போகும் உப்புத்தண்ணீர். துருவுக்குத் தினமும் தீனி போட்டிருக்கிறாள்.

மூட்டில் தையல் மிஷின் எண்ணெய் விட்டு, திறந்து மூடித் திறந்து மூடி, துருவைத் துணியில் துடைத்தெடுத்தோம். பிறகு பீங்கான் கப்பைக் கவிழ்த்தேன். அடியில் சொரசொரப்பாக ஒரு வளையம் இருக்கும். அதுதான் எங்கள் வீட்டுச் சாணைக்கல்.

"குடு, நானே தீட்டிடறேன்" என்றேன்.

"நீ தீட்டினா எனக்கு பயம் போவாது" என்று அவளே வாங்கிக்கொண்டாள்.

கப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். அந்த வளையத்தில் கத்தியைப் படுக்க வைத்து அதன் முதுகை மட்டும் லேசாகத் தூக்கி, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மெதுவாக இழுத்தாள். அழுத்தாதே என்பதைத் தவிர நான் எதுவும் சொல்லவில்லை. கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்வாக்கில் தேய்த்துப் பிசிரை எடுத்தாள். கத்தியின் கூர்மையை விரலில் பார்க்கக் கூடாது, நூலில்தான் பார்க்க வேண்டும். நூல் தொட்டதும் விழுந்தது. ஸ்டெல்லா அழுதுவிட்டாள்.

3. சாவிக்கொத்து

திங்கட்கிழமை சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்று பார்த்தார். அவள் கத்தியை வைத்தாள், நூல் போனது. இழுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை.

"சரி, மிஷின்கிட்டயே இரு" என்றார்.

வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: நல்ல தண்ணீரில் கழுவுங்கள், ஈரம் போகத் துடையுங்கள், மூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். மொண்ணைக் கத்திக்குத்தான் பயப்பட வேண்டும்.

ஸ்டெல்லாவுக்கு அதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்று சூப்பர்வைசர் திரும்பும்போது அவருடைய சாவிக்கொத்தில் துருவேறித் தொங்கிய குட்டிக் கத்தியைப் பார்த்துவிட்டாள்.

"சார், அதையும் குடுங்க. மொண்ணையா இருக்குது, கையக் கிழிச்சிரும்."

அவர் அவளுடைய உள்ளங்கைத் தழும்பைப் பார்த்தார். கத்தியைக் கழற்றி அந்தக் கையிலேயே வைத்தார்.